கோழிக்கூண்டு வாசலில் பாதிக் கல்

எங்கள் தொண்டூர் வீட்டில் கோழிக்கூண்டுக்குக் கதவு கிடையாது. பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்ததும் ஓர் இரும்புத் துண்டைச் சாய்த்து வைத்து, அதற்கு முட்டாக ஒரு செங்கல்லை நகர்த்திவிடுவோம். அந்த இரும்புத் துண்டு பாதி நிலா வடிவம். வளைந்த ஓரம் வழவழவென்றும் நேர் ஓரம் கரகரவென்றும் இருக்கும். கீரிப்பிள்ளை எத்தனை முறை வந்து முட்டினாலும் அது அசைந்ததில்லை. ஒரு காலத்தில் அது என் ஆயாவின் தோசைக்கல்லில் பாதி. உடைத்தவள் நான்.

1984. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் பிரிய இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. தோசைக்கல் என்று பெயரே தவிர, தோசை சுட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீபாவளி, பொங்கலுக்கு மறுநாள், ஊருக்கு மாப்பிள்ளை வந்தால் ஒருநாள். மற்ற நாளெல்லாம் அதில் சுட்டது கேவுரு (கேழ்வரகு) அடைதான். மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் கலந்து பிசைந்து, துணியில் தட்டி, கல்லில் கவிழ்ப்பாள் ஆயா. அடை வெந்து முடிந்த பிறகு அடுப்பில் கிடக்கும் தணலை வீணாக்க மாட்டாள். அதே கல்லில் ஒரு பிடி மல்லாட்டையைப் போட்டு எங்களுக்கு வறுத்துத் தருவாள். நிலக்கடலை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தபோது அது வேறெதோ பருப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் அடை சுட்டு முடித்து ஆயா எழுந்து போயிருந்தாள். கல் இன்னும் அடுப்பின் மேலேயே இருந்தது. அம்மாவுக்கு வேலை மிச்சமாகட்டும், நாமே கழுவி வைப்போம் என்று ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதன் நடுவில் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி எழும்பியது. அதற்குள்ளிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம். ஆவி விலகியதும் பார்த்தால் கல்லில் நேர்க்கோடாக ஒரு விரிசல். எடுக்கப் போனபோது ஒரு பாதி அடுப்பிலேயே நின்றுவிட்டது.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஆயா குறுக்கே வந்து நின்றாள்.

“இன்னாத்துக்கு அடிக்கிற? சுடச்சுட இருக்கசொல்ல தண்ணி ஊத்துனா வெடிக்கும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்லித் தர்ல. அதான்.”

பிற்பாடு நான் வேதியியல் படித்து, திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது அந்த ‘டங்’ எதனால் வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வார்ப்பிரும்பில் கரி அதிகம். நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு பங்கு வரை இருக்கும். அந்தக் கரி இரும்புக்குள் மெல்லிய செதில்களாகப் படிந்து கிடக்கிறது. அதனால் கொல்லன் அடித்த இரும்பைப் போல அது வளைந்து கொடுக்காது. மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து சுருங்க, அடிப்பக்கம் சூட்டில் விரிந்தபடியே இருக்க, இரண்டுக்கும் நடுவில் செதில் வழியாகப் பிளந்துவிடும். கரும்பலகையில் படம் போட்டு விளக்கும்போதெல்லாம் எனக்கு ஆயா அன்று நின்ற இடம்தான் ஞாபகம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை ஆயா என்னையும் கூட்டிக்கொண்டு செஞ்சிக்கு பஸ் ஏறினாள். வெள்ளிக்கிழமைதான் செஞ்சிச் சந்தை. ஆடு வாங்க எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வந்து இறங்கும் சந்தை அது. கூட்டமும் புழுக்கையும் புழுதியுமாக இருந்த இடத்தைத் தாண்டிப் போனால் ஓரமாகச் சாக்கை விரித்து இரும்புச் சாமான் பரப்பியிருந்தார் ஒருவர். அரிவாள், களைக்கொத்து, பணியாரக்கல், தாளிப்புக் கரண்டி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தோசைக்கற்கள். ஆயா உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கல்லையும் காதைப் பிடித்து ஒற்றை விரலில் தொங்கவிட்டு, மறு கை விரல் மொட்டியால் தட்டினாள். தட்டிவிட்டுக் காதுகிட்டே கொண்டு போனாள். முதல் கல் ‘டொக்’கென்றது. கீழே வைத்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அப்படித்தான் கேட்குமாம். நாலாவது கல் கோயில் மணி மாதிரி ஓசை இழுத்தது. அதைத் திருப்பி அடிப்பக்கத்தில் பொத்தல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். “கோயமுத்தூர் வார்ப்படம்மா, மவ பேத்தி காலம் வரைக்கும் இருக்கும்” என்றார் வியாபாரி. இரண்டு கோழி விற்ற காசு அவர் கைக்குப் போனது. அந்தக் கல்லை இடுப்பில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு ஆயா பஸ்ஸில் நின்றபடியே வந்தாள்.

(வார்ப்பிரும்புக்கும் எங்கள் பழைய மாவட்டத்துக்கும் ஒரு பந்தம் உண்டு என்பது நான் வெகுநாள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் பரங்கிப்பேட்டையில் கரி உலை வைத்துச் சேலத்து இரும்புத் தாதை உருக்கினார். அந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. உலைக்கு மரக்கரி கொடுத்து மாளாமல், கடனும் நஷ்டமுமாகி ஆலை நின்றது. நம் தாது, நம் காட்டு மரம், நம் ஆட்களின் உழைப்பு. அதில் நம் அடுப்புக்கு ஒரு கல்லாவது வந்ததா என்று இப்போதும் எனக்கு ஆதங்கம்தான்.)

புதுக் கல்லில் அன்றைக்கே அடை சுடலாம் என்று நினைத்திருந்தேன். பதினைந்து நாள் ஆனது. கல்லைப் பழக்குவது என்பார்கள் எங்கள் பக்கம். மாட்டைப் பழக்குவதற்கும் அதே சொல்தான். முதல் மூன்று நாள் அரிசி கழுவிய கழுநீரில் ஊற வைத்தாள். தினமும் காலையில் எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்து, நீரை மாற்றினாள். முதல் நாள் தண்ணீர் மை போல வந்தது; மூன்றாம் நாள் வெறும் கலங்கலாக வந்தது. நாலாம் நாள் வெயிலில் காயவைத்து, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டுப் பூசினாள். ஊற்றவில்லை, பூசினாள். பூசிய பிறகு வேறொரு துணியால் அதைத் துடைத்தும் எடுத்தாள். “பூசிட்டுத் துடைக்கிறியே ஆயா, எண்ணெ போயிடுமே?” என்றேன். “நிக்கிற எண்ணெ பிசுபிசுன்னு ஆவும். போவாம ஒட்டிக்கினு இருக்கிறது மட்டும்தான் வோணும்” என்றாள். அடுப்பில் ஏற்றிப் புகை வரும்வரை காயவிட்டு, இறக்கி, அதுவாக ஆற விட்டாள். மறுநாள் மறுபடியும். நடுவே ஒருநாள் வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் குச்சியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்த்தாள். வெங்காயம் கருகி, கல் மின்னியது.

அவள் செய்ததெல்லாம் சரியான வேதியியல். மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டிலும் காற்றிலும் பட்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாக இறுகிவிடுகின்றன. அப்போது அது எண்ணெயே இல்லை. இரும்பின் குழிகளில் ஊறி இறுகிய ஒரு தோல். தடிமனாகப் பூசினால் உள்ளே காற்றுப் போகாமல் பிசினாக நின்றுவிடும். ஆயா துடைத்து எடுத்ததற்குக் காரணம் அதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாறைக்குன்று ஒன்று உண்டு. சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகளும், அதையொட்டிப் பழைய தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் தேடி வரும் இடம். எங்களுக்கு அது ஆடு மேய்க்கும் இடமாகவும் ஒளிந்து விளையாடும் இடமாகவும்தான் தெரியும். சித்திரை மாதத்தில் காலையில் அந்தப் பாறையில் படுத்தால் முதுகு சில்லென்றிருக்கும். ராத்திரி எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால் பாவாடையைத் தாண்டிச் சூடு ஏறும். செஞ்சி மலைகள் எல்லாமே அப்படித்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று குண்டுக்கல்லை அடுக்கி வைத்தாற்போல நிற்கும் அவை மூன்றும் பகல் முழுக்க வாங்கிய வெயிலை இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். இரும்பில் செய்ததைக் கல் என்று நாம் ஏன் சொல்கிறோம் என்று எனக்கு விளங்கியது அந்தப் பாறையில் உட்கார்ந்துதான். மெதுவாகச் சூடேறி, ஏறியதை விடாமல் வைத்துக்கொள்வதில் இரண்டுக்கும் ஒரே குணம்.

தோசைக்கு வேண்டியதும் அந்தக் குணம்தான். குளிர்ந்த மாவை ஒரு கரண்டி ஊற்றும்போது கனமான கல் கலங்குவதில்லை. அதனிடம் சேர்த்து வைத்த சூடு இருக்கிறது. மாவு விழுந்த நொடியே அடிப்பக்கம் பிடித்து, மொறுமொறுவென்று சிவந்து, தானாக விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டுக் கரண்டியை நுழைத்தால்தான் பிய்யும். “அதுவா வுடும், நீ இரு” என்பாள் ஆயா.

1996இல் ஆயா போய்ச் சேர்ந்தாள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் எனக்குத் திண்டிவனத்தில் கல்யாணமாகி, எரிவாயு அடுப்பும் அதன் மேல் ஒரு நான்ஸ்டிக் தவாவும் கிடைத்திருந்தன. சீர்வரிசையில் வந்தது. கருகருவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. தூக்கினால் தட்டு மாதிரி லேசு. முதல் நாள் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் ஊற்றிய தோசை வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பதினைந்து நாள் பழக்க வேண்டியதில்லை, வெங்காயம் வேண்டியதில்லை. ஆயா இதைப் பார்த்திருந்தால் அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

அது பிறந்த கதையையும் வகுப்பில் ஆசையாகச் சொல்வேன். 1938 ஏப்ரல் 6ஆம் தேதி, அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலாளர் ராய் பிளங்கெட், குளிர்பதனத்துக்கான வாயு அடைத்த உருளை ஒன்றைத் திறந்தார். வாயு வரவில்லை. எடை போட்டால் உள்ளே சரக்கு இருக்கிறது. உருளையை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வழவழப்பான வெள்ளைத் தூள். அதுதான் டெஃப்லான். 1954இல் பிரான்சில் மார்க் கிரெகுவார் என்பவர் தூண்டில் சாமானில் அதைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கொலெட் “என் சட்டியில் பூசிக் கொடேன்” என்று கேட்டார் என்பார்கள். அடுப்படியில் நின்றவள் கேட்டதால் வந்த சட்டி என்பதால் எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

என் தவா ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. பொருளைக் குறை சொல்ல மாட்டேன். என் கை ஆயாவிடம் பழகிய கை. வெறும் கல்லை முழுத் தீயில் வைத்துவிட்டுப் போய் மாவு கரைப்பேன். இரும்பு அதற்கெல்லாம் காத்திருக்கும். தவாவோ அலுமினியம். வார்ப்பிரும்பைவிட நாலு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவது. வெறுமனே தீயில் நின்றால் சில நிமிடங்களில் 260 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்குகிறது. அந்தப் புகையில் கூண்டுப் பறவைகள் செத்துப்போகும், மனிதர்களுக்குக் குளிர்காய்ச்சல் போல வரும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். இரும்புக் கரண்டியால் சுரண்டினேன். நாரால் தேய்த்தேன். நடுவில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது; பிறகு அந்த இடத்தில் மட்டும் தோசை ஒட்டியது; கடைசியில் எல்லா இடத்திலும் ஒட்டியது. பழக்கி மீட்க வழியே இல்லை. இரும்புக் கல்லில் தோல் போனால் நாமே புதுத் தோல் போட்டுக்கொள்ளலாம். இதன் தோல் ஆலையில் போட்டது. தொண்டூருக்குப் போய் ஆயாவின் கல்லை எடுத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மா கொடுக்கவில்லை.

அந்த அம்மாவே 2014இல் அந்தக் கல்லைப் பரணில் ஏற்றிவிட்டாள் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அடுப்பில் ஒரு நான்ஸ்டிக் தவா உட்கார்ந்திருந்தது. “இன்னாம்மா இது?” என்றேன். பதில் சொல்லாமல் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கல் மூன்று கிலோவுக்கு மேல். அதை இறக்கவும் ஏற்றவும் கழுவவும் அவளால் முடியவில்லை. அதோடு அரசாங்கம் கொடுத்த கிரைண்டரும் மிக்சியும் வந்த பிறகு, வருஷத்துக்கு மூன்று நாள் சுட்ட தோசை வாரத்துக்கு நாலு நாள் என்றாகியிருந்தது. அவளுடைய தவா நாலு வருடம் கெடாமல் இருந்தது. சின்னத் தீ, மரக் கரண்டி, ஆறிய பிறகு மெல்லிய துணி. அறுபது வயதில் தன் கையை அவள் மாற்றிப் பழக்கிக்கொண்டிருந்தாள். இரும்பே உசத்தி என்று யாராவது மூச்சு விடாமல் பேசும்போது அந்த வீங்கிய மணிக்கட்டை அவர்களுக்குக் காட்ட வேண்டும் போலிருக்கும். அந்தக் கனத்தை இத்தனை காலம் தூக்கியது பெண்களின் கைதான்.

உடம்புக்கு எது நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மகளைச் சுமந்திருந்தபோது எனக்கு ரத்த சோகை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா மாத்திரை கொடுத்துவிட்டு, “இரும்புச் சட்டியில கீரை வதக்கிச் சாப்பிடும்மா” என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. எத்தியோப்பியாவில் இரும்புப் பானையில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியப் பானையில் சாப்பிட்ட குழந்தைகளைவிட ரத்தம் தேறியது என்று 1999இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நன்றாகப் பழகிய கல்லில் ஒரு நிமிடம் கிடக்கும் தோசைக்குள் இரும்பு அதிகம் இறங்காது. நடுவே அந்த எண்ணெய்த் தோல் நிற்கிறது. தக்காளி, புளி போட்டு ஈரமாக வேகும் பண்டத்தில்தான் நிறைய இறங்கும்; அது கல்லின் தோலையும் சேர்த்தே தின்றுவிடும். அதனால்தான் ஆயா புளிக்குழம்பை மண்சட்டியிலும், கீரையை இரும்புச் சட்டியிலும் வைத்து, வெந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனை பேரின் சோகையைத் தோசைக்கல் தீர்த்துவிடும் என்று நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்று என் பழைய மாணவிகளிடம் கெஞ்சியே சொல்வேன்.

நான்ஸ்டிக் பக்கத்தில் பயப்பட வேண்டிய பொருள் டெஃப்லானைவிட, அதைத் தயாரிக்கப் பல காலம் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற துணைப்பொருள்தான். அது மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவது. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. 2024 மே மாதம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், பூச்சு தேய்ந்த நான்ஸ்டிக்கைத் தூக்கிப் போடச் சொல்கிறது. கீறல் விழுந்த தவாவை ‘இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்’ என்று வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அதில்தான் எனக்கு வருத்தம்.

2025 ஜூலையில், மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் செய்தியைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊரும்மா!” என்று ஓடி வந்தாள். ராஜகிரி ஏறி இறங்கி, கால் வலியோடு தொண்டூர் வீட்டில் தங்கினோம். ராத்திரி அவள்தான் பரணில் ஏறிக் கல்லை இறக்கினாள். துரு பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தது. “இதைத் தூக்கிப் போட்டுடலாமா?” என்றாள். நான் பதில் சொல்லாமல் அதன் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு மொட்டியால் தட்டினேன். ஓசை இழுத்தது.

புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தோம். ஐந்து நாள் தங்கினாள். ஐந்து நாளும் பூசி, துடைத்து, காய வைத்தோம். எரிவாயுத் தீ நடுவில் மட்டும் சுடும், சின்னத் தீயில் வைத்து அடிக்கடி திருப்பிப் போடு என்று சொல்லிக் கொடுத்தேன். விறகடுப்பில் ஆயாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாக்கு நாக்காக எரியும் தீ கல்லின் ஓரம்வரை போய்விடும். ஆறாம் நாள் காலை அவளே மாவு ஊற்றினாள். முதல் தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது. இரண்டாவதில் பாதி வந்தது. “கரண்டியை எடு. அதுவா வுடும்” என்றாள் அம்மா, வாசலில் உட்கார்ந்தபடியே. மூன்றாவது ஓரத்தில் சிவந்து, தானாகக் கிளம்பி நின்றது.

கடைசித் தோசையை எடுத்ததும் மகள் கைத்துணியால் கல்லைப் பிடித்துக் குழாயடிக்கு நடந்தாள். பெங்களூர் வீட்டில் அப்படித்தான் தவாவை நேரே குழாயடியில் காட்டுவாள். நான் எழுவதற்குள் அம்மா குரல் கொடுத்துவிட்டாள்: “கண்ணு, வேணாம்! கீழ வை.”

வைத்தாள். ஏன் என்று கேட்டாள். நான் கோழிக்கூண்டைக் காட்டினேன். அவள் குனிந்து அந்தப் பாதிக் கல்லின் உடைந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். “அன்னிக்கு நான் உன் அம்மாவ அடிக்கக் கை ஓங்கினேன்” என்றாள் அம்மா. நாற்பது வருஷத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் முறை.

மூவரும் திண்ணையில் உட்கார்ந்தோம். கோழிகள் கல்லைச் சுற்றி வந்து, சூடு தட்டி விலகின. வெகுநேரம் கழித்து அம்மா புறங்கையை நீட்டி, கல்லைத் தொடாமல் மேலாகப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னும் ஆறல” என்றாள்.